ஒரு சொட்டும் ஒழுகாத பை

பழைய சவரப் பிரஷை ரப்பர் பாலில் தோய்த்து, லூர்துசாமி பையின் அடித்தையலில் பூசிக்கொண்டிருந்தார். பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு கட்டையில் மாட்டி வைத்திருந்தார். ஒரு விரற்கடை பூசுவார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாலைத் தையலுக்குள் இறக்குவார். பிறகு அடுத்த விரற்கடை. ஊசி போன ஓட்டை ஒன்றைக்கூட விடவில்லை. சிறுவயதிலிருந்து பால் வெட்டிய கை அது. எந்தப் பூச்சு காய்ந்தது, எது இன்னும் ஈரம் என்று தொடாமலே சொல்லும்.

உள்ளே அவர் மனைவி கத்தரின் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் காலையும் மாலையும் போய் அவளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து வருவேன். லகாட் ஊருக்கு அந்தப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, நான் வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் மிச்சமிருந்தவர்கள் எதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நர்ஸ் என்ற நினைப்பில் மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். நான் அட்டெண்டண்ட் மட்டும்தான் என்று திருத்தி அலுத்துவிட்டேன்.

கத்தரினுக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஆர்லிக்ஸ் இறங்கவில்லை. ஒருநாள் நான் முதுகுக்குப் பவுடர் போடும்போது சொன்னாள்.

"காட்டுப்பன்னிக் கறி ஒரு வாய் கெடைச்சா சாப்பிடுவேன் மிஸ்ஸி. மொளகு போட்டது. கல்யாணம் ஆன புதுசுல கொண்டாந்து குடுத்தாரு."

அதை அவள் சொன்னபோது லூர்துசாமி வாசலில் நின்றிருந்தார்.

அவரிடம் துப்பாக்கி கிடையாது. லைசென்ஸ் துப்பாக்கி மரவள்ளித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி ஆ சோங் தவுக்கேயிடம் இருந்தது. தவுக்கே சுடுவார், லூர்துசாமி சுமப்பார். தலையும் ஈரலும் சுட்டவனுக்கு, ஒரு பின்னந்தொடை சுமந்தவனுக்கு என்பது அவர்கள் வழக்கம். மிச்சத்தைத் தவுக்கே விற்றுக்கொள்வார். பால் வெட்டு குறைந்தபின், வாரம் ஒருமுறை வருகிற அந்தத் தொடைதான் அந்த வீட்டுக்குக் கறி. ஆனால் கத்தரின் படுத்ததிலிருந்து லூர்துசாமி வேட்டைக்குப் போவதில்லை.

போகாததற்கு அவள் நோய் மட்டும் காரணமல்ல. கடைசியாகப் போனபோது கோணிச்சாக்கில் கறியைக் கட்டி பஸ்ஸில் ஏறினார். சாக்கு ஒழுகி பஸ் படியெல்லாம் ரத்தம். கண்டக்டர் மலாய்க்காரர், பன்றி ஆகாத முஸ்லிம். சத்தம்கூடப் போடவில்லை. "இறங்கிக்கொள் அண்ணே" என்று மலாயில் தாழ்ந்த குரலில் சொன்னாராம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பக்கத்துக் கடையில் வாளி வாங்கி, பஸ்ஸை நிறுத்தி வைத்துப் படியைக் கழுவிவிட்டு நடந்தே வந்தார். "திட்டியிருந்தா பரவால்ல மிஸ்ஸி" என்று என்னிடம் சொன்னார்.

இப்போது மறுபடி வேட்டைக்குப் போக, ஒழுகாத பை வேண்டும் என்றார். எனக்குப் பஞ்சும் துணியும் வாங்க வேண்டியிருந்ததால் ஈப்போவுக்கு அவரோடு போனேன். பழைய சாமான் கடையில் மூன்று தொங்கின. ஒன்று பச்சை நைலான் பை. எங்கு பார்த்தாலும் ஜிப்பும் சின்னச் சின்னப் பாக்கெட்டும். ஒன்று பட்டாளத்துக் கான்வாஸ் பை. மூன்றாவது, காட்டில் மலைவாசி அஸ்லிக்காரர்கள் முதுகில் போடும் பிரம்புக்கூடை.

நான் நைலான் பையின் வாரைப் பிடித்துப் பார்த்தேன். விரல் அகலம்தான் இருந்தது.

"இது வேணாம்" என்றேன். "கனம் ஏறினா தோளை அறுக்கும். பாக்கெட்டுல என்ன வைக்கப்போறீங்க, சீப்பா?"

"கூடை?" என்று கேட்டார்.

"கூடை நல்ல கூடைதான். முதுகுல நேரா உக்காருது."

"ஒழுகும்" என்று சொல்லி, அதோடு கூடையை விட்டுவிட்டார்.

கான்வாஸ் பையைத் தோளில் மாட்டினார். கடைக்காரரைக் கேட்டு, அங்கே கிடந்த பழைய இரும்பை அதில் நிரப்பி, கடை முன் அஞ்சடி நடைபாதையில் மேலும் கீழும் நடந்தார். கனம் இடுப்புக்குக் கீழே தொங்கியது. நான் வாரை இழுத்துச் சுருக்கினேன். ஆளைத் தூக்கினாலும் கறியைத் தூக்கினாலும் ஒரே கணக்குத்தான். கனம் முதுகோடு ஒட்டி மேலே நிற்க வேண்டும். கடைக்காரச் சீனர் வாசலில் நின்று, "நீ பை வாங்குகிறாயா, என் கடையைத் தூக்கிக்கொண்டு போகிறாயா?" என்று மலாயில் கேட்டார். லூர்துசாமி சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்தப் பைக்குத்தான் பால் பூசினார். பக்கத்து வீட்டுப் பத்துமலை இன்னும் சின்னத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தினமும் ஒரு மங்கு பால் கொடுத்தான். பூச்சு மேல் பூச்சாகப் போட்டு, ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். பை தேன் நிறத்துக்கு வந்தது. லயத்து ஆட்கள் கூடி நிற்க, பத்துமலை அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தான்.

"பாருங்கலா. ஒரு சொட்டு? அண்ணே, இதுல மீன் வளக்கலாம்."

கத்தரினுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஒரு சட்டை தச்சிருக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை விடியுமுன் தவுக்கேயோடு மலைக்குப் போனார். நடந்ததைப் பிறகு அவர்தான் சொன்னார். வெயில் ஏறுமுன்பே ஒரு பன்றி விழுந்தது. சின்னதுதான். தலை, ஈரல், முன்பாதியைத் தவுக்கே தன் பிரம்புக்கூடையில் போட்டுக்கொண்டார். பின்பாதியை லூர்துசாமி சூடு ஆறுமுன்பே பைக்குள் அடைத்து, வாயைச் சுருக்கிக் கட்டினார். இறங்கும்போது மேலே மழை பெய்து ஆறு பெருகியிருந்தது. தண்ணீர் வடிய பிற்பகல்வரை காத்திருந்தார்கள். மழை விட்டு வெயில் சுட்டது. தவுக்கேயின் கூடையில் ஈ மொய்த்தது. அவர் இலை ஒடித்து விசிறிக்கொண்டே இருந்தார். லூர்துசாமியின் பையில் ஒரு ஈ உட்காரவில்லை. "தவுக்கே, நீயும் ஒண்ணு செஞ்சுக்க" என்று அவர் சொன்னாராம்.

தவுக்கேயின் பங்கை மேலாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பையை மறுபடி இறுக்கிக் கட்டித் தொடையோடு பஸ்ஸில் வந்தார். அதே கண்டக்டர். பையைப் பார்த்தார், கீழே பார்த்தார், டிக்கெட் கிழித்தார்.

சாயங்காலம் நான் கத்தரினுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் நாளைக்கு நாலு முறை நனைந்தது. என் பழைய ரப்பர் விரிப்பு வெடித்துப்போனதால் மெத்தை ஊறி, அவள் இடுப்பு புண்ணாகத் தொடங்கியிருந்தது. மகள் ஹில்டா அடுப்படியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். கத்தரின் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

லூர்துசாமி வாசலில் உட்கார்ந்து பையின் கட்டை அவிழ்த்தார். சட்டி மூடியைத் திறந்தாற்போல் உள்ளேயிருந்து சூடு வந்தது. பிறகு வாடை வந்தது. நான் எழுந்து போய் எலும்பை ஒட்டி விரலால் அழுத்தி மோந்தேன். மேலே சிவப்பாகத்தான் இருந்தது. எலும்போரம் பச்சை பூத்துப் புளித்திருந்தது.

பத்துமலை எட்டிப் பார்த்தான். "மஞ்சளைப் போட்டு நல்லா வேகவச்சா போயிரும்லா மிஸ்ஸி."

"நீ தின்னு. அவளுக்கு வேணாம்."

"மேல மேல கொஞ்சம் வெட்டி எடுத்தா?" என்றார் லூர்துசாமி.

"வேணாம் தம்பி. இந்த வயிறு தாங்காது."

"சாக்குல எத்தனை வருசம் கொண்டாந்தேன். ஒருநாளும் கெட்டதில்ல."

"சாக்குல காத்துப் போச்சு. இதுல போகல."

அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரத்தம் காய்ந்திருந்தது. ஹில்டா அம்மிக்குழவியைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன, கெட்டுப்போச்சா?" கத்தரினின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

லூர்துசாமி எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் நின்றார்.

"பை நல்ல பைதான்" என்றாள் அவள். "எம் வாய்க்குத்தான் குடுத்து வைக்கல."

"அடுத்த சனிக்கெழம போறேன். சாக்குலயே கொண்டாரேன்."

அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "போகாதய்யா. நீ மலைல இருக்கறப்ப நான் போயிட்டா?"

அரைத்த மிளகு வீணாகாமல் ஹில்டா அதில் உருளைக்கிழங்கு போட்டுப் பிரட்டினாள். ஸ்பூன் நுனியில் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கத்தரின் சப்பினாள். இன்னொரு தடவை கேட்டாள். அதற்குமேல் முடியவில்லை. லூர்துசாமி தொடையைப் பின்பக்கம் கொண்டுபோய், நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதைத்தார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் குழாயடியில் இருந்தார். பையைச் சாம்பலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்து, எலுமிச்சையும் போட்டுக் கழுவி முடித்திருந்தார். பால்வெட்டுக் கத்தியால் அடித்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பூசிய பால் தையலை இறுகப் பிடித்திருந்ததால் நூல் சுலபமாக வரவில்லை. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். வார்களை அறுத்துத் தனியே வைத்தார். விரித்துப் போட்டபோது அகலம் சரியாக இருந்தது.

"ஒங்க விரிப்பு வெடிச்சிருச்சுன்னீங்களே மிஸ்ஸி."

நான் மோந்து பார்த்தேன். புகை வாடை மட்டும் இருந்தது. துடைத்து வெயிலில் காயவைத்தோம். நான் கத்தரினின் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துத் திருப்ப, அவர் அதை மெத்தைமேல் போட்டு, சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். அதன்மேல் ஹில்டா வெள்ளை விரிப்பை விரித்தாள். கத்தரினைத் திரும்ப நேராகப் படுக்கவைத்தோம்.

"இப்ப ஒரு சொட்டு கீழ எறங்காது" என்றார் லூர்துசாமி.

அவள் தலையாட்டினாள். லூர்துசாமி பத்துமலையைக் கூப்பிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி தவுக்கேயிடம் சொல்லிவிடச் சொன்னார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, கஞ்சிக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.