பீரங்கியை விட்டுவிட்டு வந்தவர்

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்துகொண்டிருந்தவர். பர்மா சண்டைக்கு ஆள் எடுத்தபோது பீரங்கிப் படையில் சேர்ந்தார். சண்டை முடிந்து லீவில் வந்த சமயத்தில்தான் எங்கள் கல்யாணம். அவர் பேசுவதைக் கேட்டு, கணியம்பாடியில் என் பிறந்த வீட்டார் அவரைக் கோபக்காரர் என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள். பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகி, அதனால் கத்திப் பேசுகிறார் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

லீவில் வந்தால் ரெஜிமெண்ட் பேச்சுதான். பர்மாவில் சேற்றில் புதைந்த பீரங்கியை ஆட்களே கயிறு கட்டி இழுத்ததைச் சொல்வார். நாடு பிரிந்தபோது ரெஜிமெண்டையும் பிரித்தார்கள். இவருக்குக் குறி வைக்கக் கற்றுக்கொடுத்த பஞ்சாபி முஸ்லிம் ஹவில்தார், இவரைக் கட்டிப்பிடித்துவிட்டு பாகிஸ்தான் போகிற ரயிலில் ஏறினாராம். அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பார். மற்ற படைகளுக்குக் கொடி எப்படியோ, பீரங்கிக்காரனுக்குப் பீரங்கி அப்படி. அதை எதிரியிடம் விட்டு வந்தவன் முகம் காட்ட முடியாது என்றும் சொல்வார். நான் அரைக்காதில் கேட்டுக்கொண்டே அரிசி களைவேன்.

சீனச் சண்டையின்போது அவர்களை வடகிழக்கு மலைக்கு அனுப்பினார்கள். வெகுநாள் தகவல் இல்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி வரும் நேரத்துக்குப் போய் ஓரமாக நிற்பேன். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அவரே வந்து சேர்ந்தார். பனியில் அழுகிப்போன கால்விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டாளத்தில் இனி வேலையில்லை. உயிரோடு வந்தாரே என்று நான் கோயிலுக்குப் போனேன். அவர் ரெஜிமெண்ட் பேச்சையே விட்டுவிட்டார்.

தோல் ஷாப்பிலேயே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் போகமாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம், அவரோடு ஒரே பீரங்கியில் இருந்த நாட்றம்பள்ளிக்காரர் லீவில் பார்க்க வந்தார். இவர் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. காபி கொடுத்துவிட்டு, மலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். பாதை உடைந்துவிட்டதால் பீரங்கியைக் கொண்டுவர முடியவில்லை. சீனர்கள் அதை வைத்துச் சுடக்கூடாது என்றால், குண்டு போட்டு மூடுகிற இரும்புக் கட்டையைக் கழற்றி ஆற்றில் எறிய வேண்டும். யாருக்கும் கை வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் கழற்றி எறிந்திருக்கிறார்.

“அவரு தானா வரல அண்ணி. ஷெல்லு வந்து விழுந்துக்கினு இருக்குது, அவரு பீரங்கி மேல கைய வச்சிக்கினு நிக்கிறாரு. நாங்கதான் இழுத்துக்கினு வந்தோம்” என்றார்.

அதற்குள் இவர் வந்துவிட்டார். நாட்றம்பள்ளிக்காரர் குரலை உயர்த்தி, ரெஜிமெண்டுக்குப் புதுப் பீரங்கிகள் வந்திருப்பதையும், எல்லோரும் இவரை விசாரித்ததையும் சொன்னார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“நம்மளுது கெடைச்சுதா?”

“இல்லண்ணே.”

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவரிடம், உயிரோடு வந்தீர்களே, அது போதாதா என்றேன்.

“உனக்குப் போதும்” என்றார். கத்தவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பாகிஸ்தான் சண்டை வந்தபோது என்னிடம் சொல்லாமல் வேலூருக்குப் போய், ஆள் எடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். காலைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். வந்ததும் அதைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்து, யாருக்காவது கொடுத்துவிடு என்றார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவருக்கே போட்டு அனுப்பினேன்.