ஏறாத தண்ணீர்

கடற்படைக்காரரின் குசினிக் குப்பையிலிருந்து பொறுக்கி வந்த ஜாம் போத்தல் அது. அடியில் தலைமயிர் போல ஒரு கீறல் இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு ஆசிரியர் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இடங்களை நிரப்ப, எட்டாம் வகுப்போடு நின்று துறைமுகத்தில் மூட்டை சுமந்த என்னைப் போன்றவர்களையும் சேர்த்து, கட்டைபறிச்சானில் ஒரு கிடுகுக் கொட்டகையில் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கு தந்தார்கள். நான் சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் முறையை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஒரு ரீச்சர். கருவி என்று ஒன்றும் கிடையாது. சிரட்டை, பழைய சைக்கிள் ரியூப், உடைந்த கண்ணாடி, இவற்றை வைத்தே பாடம் நடத்தப் பழக்கினார். "பிள்ளை தான் கண்டதைச் சொல்லட்டும். நீங்கள் நினைக்கிறதை அதின்ரை வாயிலை வைக்காதேங்கோ" என்பார்.

பரிசோதகர் வரப்போகிறார், அவருக்குத் திருப்தியில்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று கதை அடிபட்டது. மாதிரிப் பாடம் நடத்த வேண்டியவன் நான். அவர் வருவதற்கு முதல்நாள் ரீச்சரே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இருத்தி, மெழுகுதிரி அணைந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் பரிசோதகர் முன்னால் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே திரியை ஏற்றி, போத்தலைக் கவிழ்த்தேன். திரி அணைந்தது. போத்தலுக்குள் ஏற வேண்டிய தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தண்ணி ஏறிட்டுது, சேர்."

எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். பரிசோதகர் பிள்ளைகளைத்தான் பார்த்தார், போத்தலைப் பார்க்கவில்லை. அப்போது முன்வரிசையில் ஒரு மீன்காரரின் மகள், "ஏறேல்லையே, சேர்" என்றாள்.

பரிசோதகர் நிமிர்ந்தார். நான் வாய் திறக்கவில்லை. ரீச்சர் சிரித்தபடி, "அந்தப் பிள்ளைக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஐயா" என்றார். பரிசோதகர் தலையசைத்தார். வகுப்பு தப்பியது. என் பாடமும் நன்று என்றார்கள்.

அடுத்த நாள் காலை தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. கண்ணுக்கு மருந்தென்று நந்தியாவட்டைச் சாறு விட்டிருக்கிறார்கள்.

"தூரத்திலை வாற தோணி ஆரின்ரை எண்டு சரியாச் சொல்லுறவள், ரீச்சர். இப்ப தனக்குக் கண் மங்கலாம் எண்டு அழுகிறாள். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவோ?"

ரீச்சரின் முகம் செத்துப்போயிற்று. "கண்ணிலை ஒண்டுமில்லை, அம்மா. நான்தான் பொய் சொன்னனான்" என்றார். பிறகு அதே தட்டையும் போத்தலையும் எடுத்து, திரி ஏற்றிக் கவிழ்த்தார். திரி அணைந்தது. தண்ணீர் அசையவில்லை. பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் குந்தி, "இப்ப சொல்லு பிள்ளை, என்ன கண்டனீ?" என்று கேட்டார்.

அவள் போத்தலைப் பார்க்கவில்லை. ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறிட்டுது, ரீச்சர்."

அந்த மாதமே நான் அங்கிருந்து போய்விட்டேன். பிறகு செய்யாத வேலையில்லை, படுக்காத மடமில்லை. இப்போது ஜாம் போத்தல் எந்தக் குசினியிலும் கிடக்கிறது. கையில் எடுத்தால், காற்றுப் புகக் கீறல் ஏதும் இருக்கிறதா என்று அடியை நகத்தால் தடவிப் பார்ப்பேன். அன்றைக்கு அதைத் தடவிப் பார்க்காதது பெரிய காரியமில்லை. அவள் சொன்னதும், "ஓம் பிள்ளை, ஏறேல்லைத்தான்" என்று நான் சொல்லியிருக்கலாம். பாடம் நடத்தியவன் நான்.