எடுத்த துண்டு எங்கே?

ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். லோகேஸ்வரி மட்டும் மெக்கானிக் தம்புசாமியின் தோளுக்குப் பின்னால் நின்று வேனின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருப்பாள். "புதுசு போட்டீங்க, சரி. கழட்டின சாமான் எங்க அண்ணே? அதக் காட்டுங்க." அவர் முணுமுணுத்துக்கொண்டே குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அது தேய்ந்திருப்பது மெய்தான் என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் அவள் முகம் தளரும்.

மலேசியாவில், கிள்ளான் நகரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான உருவம் என்பதால் இருக்கையில் ஒரு திண்டு போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவாள். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அது ஊரில் எல்லோரும் செய்வதுதான். இவள் ஐஸுக்கு அடியில் கையை விட்டு, கீழே கிடக்கும் மீனின் செவுளைப் பார்ப்பாள். பேங்கிலிருந்து யாராவது கூப்பிட்டு அடையாள அட்டை எண்ணைக் கேட்டால், "மொதல்ல உங்க ஐசி நம்பரச் சொல்லுங்க" என்பாள். முக்கால்வாசி பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். "கல்யாணத்தன்னைக்குத் தாலிய ஒரசிப் பாக்காம விட்டாளே, அதே பெருசு" என்று அவள் கணவன் சுகுமாறன் சிரிப்பான். துறைமுகத்தில் லோரி ஓட்டும் அவனுக்குப் பழகிவிட்டது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்தாள். குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டியது. வலிக்கவில்லை. வலிக்காததை அவள் நம்பிவிட்டாள். பக்கத்து கிளினிக்கில் மேமோகிராம் எடுக்கச் சொன்னபோது, சுவரில் ஒட்டியிருந்த 'பேக்கேஜ்' கட்டண விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஆளப் பாரு லா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். தீபாவளி போயிற்று, தைப்பூசமும் போயிற்று. ஒருநாள் கண்ணாடி முன் கையைத் தூக்கியபோது அந்த இடத்துத் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்தது. அன்றைக்குத்தான் சுகுமாறனிடம் வாயைத் திறந்தாள்.

இன்சூரன்ஸ் அட்டையோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். படம் எடுத்தார்கள். பிறகு கெட்டியான ஊசியை விட்டுச் சதைத் துணுக்குகளை எடுத்தார்கள். மரத்துப்போன மார்போடு எழுந்து உட்கார்ந்தவள் கேட்ட முதல் கேள்வி: "எடுத்த துண்டு எங்க?" தாதி திகைத்து, சிறிய குப்பியைக் காட்டினாள். நூல் நூலாய் மிதந்ததைவிட, மேலே ஒட்டியிருந்த பெயரைத்தான் லோகேஸ்வரி அதிக நேரம் பார்த்தாள். இன்னொருத்தியின் பெயர் இருந்துவிட்டால்?

பெயர் சரியாகத்தான் இருந்தது. நோயும் அவளுடையதுதான். "கேன்சர். மார்பை முழுக்க எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு, இன்சூரன்ஸும் அப்ரூவ் ஆயிடுச்சு" என்றார் அறுவை மருத்துவர். சுகுமாறன் அழுதான். லோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. இன்சூரன்ஸ் என்ற சொல் காதில் மாட்டிக்கொண்டது. கார் இடித்தபோது மாதக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் இதற்கு மட்டும் எப்படி உடனே கையெழுத்துப் போட்டார்கள்?

"கேன்சர்ல எல்லாம் ஒரே மாதிரிதானா டாக்டர்?"

"இல்ல, ரகம் இருக்கு. அந்த டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல. எப்படியும் ஆபரேஷன் பண்ணித்தானே ஆகணும்?"

"அது வர்றதுக்கு முன்னாடியே எப்படி முடிவு பண்ணீங்க?"

மருத்துவர் பேனாவை மூடினார். "இன்டர்நெட்ட ரொம்பப் பாக்காதீங்க ஆன்டி." அவள் இன்டர்நெட்டைப் பார்க்கவில்லை. அதையும் அவள் நம்புவதில்லை. படம், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு, வாங்கும்வரை கவுண்டரை விட்டு நகராமல் நின்றாள். வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

மறுநாள் சுகுமாறனின் தங்கை வாணி ஒரு பெட்டி நிறைய மூலிகைச் சாறோடு வந்து இறங்கினாள். "கத்தி வெச்சா பரவிடும் அண்ணி. இதக் குடிங்க. குடிச்சே கரைஞ்சவங்க இருக்காங்க."

"யாரு? பேரு சொல்லு. வீடு எங்க?"

வாணி எதிர்பார்க்காத கேள்வி இது. தடுமாறி, ஜெஞ்சாரோமில் மலர் என்று ஓர் அக்கா இருப்பதாகச் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் லோகேஸ்வரி வேன் சாவியை எடுத்துவிட்டாள்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. தலையில் துணி கட்டிய ஒல்லியான பெண் கதவைத் திறந்தாள். முன்னறையில் அதே சாற்றுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. லோகேஸ்வரி உட்காரக்கூட இல்லை. "இத மட்டும் குடிச்சுத்தான் கொணமாச்சா உங்களுக்கு?"

மலர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ஜூஸும் குடிச்சேன். கே.எல். பெரியாஸ்பத்திரியில கீமோவும் போட்டுக்கிட்டேன். ஜூஸு விக்கிறவங்க ஜூஸப் பத்தி மட்டுந்தான் கேட்டாங்க." பிறகு தலைத்துணியை அவிழ்த்தாள். குழந்தைக்கு முளைப்பதுபோல் பஞ்சு முடி. "என்ன ரகம்னு ஒங்களுக்குச் சொன்னாங்களா? ஹெர்-டூனு ஒண்ணு இருக்குக்கா. எனக்கு அது. மொதல்ல மருந்து போட்டுக் கட்டியச் சுருக்குனாங்க, அப்புறந்தான் ஆபரேஷன். ரிசல்ட் வராம எதுக்கும் தல ஆட்டாதீங்க."

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான். அத்தனை நாளில் அவள் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொன்னவள் அந்தப் பொய் விளம்பரத்துக்குச் சாட்சியாய் நின்றவள்தான் என்பது எப்படி என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

ரகம் சொல்லும் ரிசல்ட் வந்ததும் மலர் சொன்ன அந்தக் கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்த சிறப்பு மருத்துவர் சுதர்சினி, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். லோகேஸ்வரி அவரிடமும் ஒரு வேலை செய்தாள். பழைய ரிப்போர்ட் எதையும் காட்டாமல், "கட்டி மாதிரி இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தனித்தனியாக ஒன்றையே சொல்கிறார்களா என்று பார்க்கவேண்டுமாம்.

சுதர்சினி திரையை இழுத்துச் சோதித்தார். கையுறையைக் கழற்றாமலே சொன்னார்: "அக்கா, ஊசி குத்தின எடம் இன்னும் நீலமா இருக்கு. ரிப்போர்ட்ட நீங்களே குடுக்குறீங்களா, இல்ல நான் மறுபடி குத்தட்டுமா?"

லோகேஸ்வரி பையைத் திறந்தாள்.

அவளுக்கும் ஹெர்-2 ரகம்தான். நோய் அக்குளில் ஒரு நெறிக்கட்டி வரைக்கும் போயிருந்தது. "மொதல்ல பாத்த டாக்டர் தப்பு சொல்லல. அதுவும் ஒரு வழி. ஆனா இந்த ரகத்துக்கு மருந்த முதல்ல குடுத்தா கட்டி எவ்வளவு கேக்குதுன்னு நம்ம கண்ணுக்கே தெரியும். சுருங்கினா மார்ப முழுக்க எடுக்கவேண்டி வராம இருக்கலாம். சுருங்காமலும் போகலாம். முடி கொட்டும். ஹார்ட்டுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுக்கணும்." சற்று நிறுத்திச் சொன்னார். "இன்னொண்ணு. கட்டி தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா அக்குளுக்குப் போகாம இருந்திருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை அறைந்ததுபோல் விழுந்தது. எல்லோரையும் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்குள் இருந்த திருடனுக்கு மாதக்கணக்கில் சோறு போட்டிருக்கிறாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, ஹார்ட்டுக்கு என்ன ஆகும்? மறுபடி சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. "கெட்டதையும் சேத்துச் சொல்றவங்க எதையோ விக்க வரல" என்று சுகுமாறனிடம் சொன்னாள்.

பிடித்துவிட்டது என்றால் விட்டுவிட்டாள் என்று பொருள் இல்லை. கீமோ வார்டில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர் ஆன்டி' என்று பெயர். மருந்துப் பையைத் தொங்கவிடும் முன் பெயரையும் மருந்தையும் தன் கண்ணால் படிக்கவேண்டும். ஒருமுறை பையின் நிறம் வேறாக இருக்கிறது என்று கத்தி, கையை இழுத்துக்கொண்டுவிட்டாள். ஒளி பட்டால் மருந்து கெடும் என்பதற்காக மேலே போட்ட உறை அது. அடுத்த முறை வரும்போது தாதிகளுக்குச் சுடச்சுடக் கரிப்பாப் பலகாரம் வாங்கி வந்தாள். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. இன்னொருமுறை, "ஹார்ட் ஸ்கேன் எப்ப?" என்று அவள் நச்சரித்த பிறகுதான் தேதி பதிவாகாமல் விட்டுப்போனது தெரிந்தது. அன்று மருந்தைத் தள்ளிவைத்து, முதலில் ஸ்கேன் எடுத்தார்கள்.

முடி போனது. நாக்கில் ருசி போனது. லோரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு சுகுமாறன் வேனை ஓட்டினான். வேனில் வரும் கீறல்களைப் பற்றிப் படுத்தபடியே விசாரணை நடந்தது. கட்டி சுருங்கியது. முழு மார்பையும் எடுப்பதா, கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதா என்பதை அவளே முடிவு செய்யலாம் என்றார் சுதர்சினி. இரண்டிலும் நோய் திரும்ப வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்குப் போய் யோசித்து, கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னாள்.

அதெல்லாம் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, இப்போது வேனை மறுபடி அவள்தான் ஓட்டுகிறாள். இனி வராது என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வாள், பதில் சொல்லமாட்டாள்.

அறுவைச் சிகிச்சை நடந்த காலையைப் பற்றிச் சுகுமாறன் சொல்வதுண்டு. பச்சை அங்கியோடு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவன் பக்கத்தில் நின்றான். சுதர்சினி ஊதா மார்க்கரோடு வந்து, "எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டார். "நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றாள் இவள். "இடது" என்று சிரித்தபடி, இடது மார்புக்கு மேலே தடிப்பாக ஓர் அம்புக்குறி போட்டார் மருத்துவர்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். ஒங்கள நம்புறேன்."

மருத்துவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திரை மூடியது. காலடி ஓசை தேயும்வரை லோகேஸ்வரி அசையாமல் இருந்தாள். பிறகு ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்த அம்புக்குறியின் மேல் வைத்து, அழிகிறதா என்று அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.