ஏலும், ஏலாது

மூட்டுவாதம் என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு நாற்பத்தொரு வயது. ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். இது முற்றாகக் குணமாகிற வருத்தமல்ல, ஆனால் மருந்தோடு நன்றாக வாழலாம் என்றார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் விரல்கள் மடங்காது. சுடுதண்ணீரில் ஊறவைத்தாலும் இளகுவதற்குப் பத்து மணியாகிவிடும். அதன் பிறகு நான் பழைய ஆள்தான். அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோப்பின் முடிச்சை அவிழ்க்க முடியாவிட்டால், கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டுவேன். வலியைவிட இந்தப் பொய்கள்தான் என்னைக் களைக்க வைத்தன.

வீட்டில் என் கணவரிடம் மறைக்க முடியவில்லை. அவர் மீன்பிடித் துறைமுகத்தில் படகு இயந்திரங்கள் திருத்துபவர். முதலில் தேங்காய் திருவினார், பிறகு உடுப்புத் தோய்த்தார். சில மாதங்களில் என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையையும் வாங்கத் தொடங்கினார்.

"விடும், நான் செய்யிறன்."

அன்பாகச் செய்கிற மனிதரிடம் எப்படிக் கோபிப்பது? கோபம் வந்தது, வந்ததற்காக என்மீதே வெறுப்பும் வந்தது. ஒருநாள் வலியே இல்லாத மாலையில் மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததை உணர்ந்தேன். அன்றுதான் முதல்முறை உண்மையாகப் பயந்தேன்.

அடுத்த கிழமை என் மேலதிகாரி கூப்பிட்டார். கிண்ணியாவிலிருந்து வருகிறவர், அதிகம் பேசாதவர்.

"உங்கட அவர் வந்து இதைத் தந்திட்டுப் போனார். நீங்க ஓய்வுக்குப் போகப் போறீங்களா?"

கடிதத்தில் என் கணவரின் எழுத்து. என் மனைவிக்கு இனி வேலை செய்ய ஏலாது என்று இருந்தது. கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏலாது எண்டு நான் சொல்லேல்லை, மெடம். காலமை பத்து மணி வரைக்கும் விரல் மடங்காது. அதுக்குப் பிறகு எல்லாம் ஏலும்."

சொல்லி முடித்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது.

"அப்ப காலையில வாற ஆக்களைப் பாருங்க, எழுத்து வேலையைப் பிறகு செய்யுங்க. முதலே சொல்லியிருக்கலாம் தானே?" என்றார்.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டோ பிடித்து நேரே துறைமுகத்துக்குப் போனேன். என் கணவர் ஓர் இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன்.

"என்னட்டக் கேக்காமல் ஏன் எழுதினீங்கள்?"

துணியில் கையைத் துடைத்தார்.

"காலமை குளியலறையில நீர் அழுறது கேக்குது. வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

குழாயைத் திறந்துவிட்டால் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லுவீர்?"

அது உண்மை. ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் எல்லாவற்றையும் பயங்கரமாகக் கற்பனை செய்திருக்கிறார்.

அங்கேயே ஒரு படகின் விளிம்பில் இருந்து கதைத்தோம். தேங்காயும் இறுகிய போத்தல் மூடிகளும் அவருக்கு. தேநீரும் சந்தையும் எனக்கு. மற்றவற்றுக்கு "ஏலுமோ?" என்று அவர் கேட்க வேண்டும்; நான் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் கிழமைகளில் அவருடைய கை தானாக நீளும், பிறகு பின்வாங்கும். எனக்கோ "இண்டைக்கு ஏலாது" என்று சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. இருவரும் பழகிக்கொண்டோம்.

வருத்தம் போய்விடவில்லை. மழைக்காலத்தில் மோசமான நாட்கள் வரும். மருந்தையும் இரண்டு தடவை மாற்றினார்கள். ஆனால் ஒரு மோசமான நாளைக் கண்டு முழு வாழ்க்கையும் முடிந்ததாக இப்போது நான் நினைப்பதில்லை. சென்ற வருடம் பதவி உயர்வுப் பரீட்சைக்கு விண்ணப்பித்து, கூடுதல் நேரம் வேண்டும் என்று கூச்சமின்றிக் கேட்டேன். தந்தார்கள். மூன்று தடவை பேனையைக் கீழே வைத்து விரல்களை நீட்டிக்கொண்டேன். கடைசிக் கேள்வி வரை எழுதினேன். சித்தியடைந்தேன்.