படத்தின் கீழே அம்மாவின் பெயர்

கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துத் துரைமார்கள் சீமைக்குத் திரும்பும்போது கொண்டுபோக, தஞ்சாவூர் ஓவியர்களிடம் ஒரு வகைப் படம் எழுதி வாங்கினார்கள். சாதிக்கு ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, கையில் தொழிலுக்கான சாமான். கீழே இங்கிலீஷில் சாதியும் தொழிலும். நிற்கிறவர்களின் பெயர் மட்டும் இருக்காது. ஓவியக் கல்லூரி நூலகத்தில் அந்தத் தொகுப்பைப் புரட்டியபோது எங்கள் சாதிக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதில் புருஷன் பக்கத்தில், கையில் நாற்றுக்கட்டோடு ஒரு பெண்.

போனில் படம் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். திருவிடைமருதூர்ப் பக்கம் முப்பது வருஷம் நடவு நட்டவள். ஒரு நொடிதான் பார்த்தாள்.

"நாத்து முடிய வலது கையில புடிச்சிருக்காளே, அப்புறம் எந்தக் கையால நடுவா? எழுதுனவன் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா? இவ பேரு என்ன?"

"போடலம்மா."

"அவ்வளவு நேரம் நிக்க வச்சிருக்கான். பேரு கேக்க வாய் வரலையா?"

ஐந்து வருஷம் ஓவியம் படித்த என் கண்ணில் அந்தக் கை படவே இல்லை. அந்த வெட்கத்தோடுதான் அம்மாவை நிற்க வைத்து வரைந்தேன். அதே அளவு, அதே நிற்கும் விதம். நாற்று இடது கையில். கீழே, சாதி இருந்த இடத்தில், அம்மாவின் பெயர்.

தஞ்சாவூரில் கண்காட்சி. காலனியத்தை எதிர்க்கும் கலை என்று வாசலில் பேனர், அதில் அமைப்பாளரின் பெயர் கொட்டை எழுத்தில். என் படத்துக்கு அவரே புதுச் சட்டம் போட்டிருந்தார். சட்டத்தின் அகலமான கீழ்ப்பட்டை அம்மாவின் பெயரை முழுசாக மறைத்திருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'நடவுப் பெண், தஞ்சாவூர்'.

"பேர் போட்டா ஒரு தனி ஆளோட படமாயிடும்ங்க. இது ஒரு சமூகத்தோட குரல்" என்றார், சிரித்த முகமாக.

வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் புத்தி இந்த மனுஷனிடம் பத்திரமாக இருக்கிறது. "சமூகமா சார் வந்து நின்னுச்சு? எங்கம்மா நின்னாங்க, கால் கடுக்க நின்னாங்க!" என்று கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. திறப்பு விழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்.

அதற்குள் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டாள், கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையில். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகளிர் குழுவில் கையெழுத்துப் போடப் பழகியதில் தன் பெயர் மட்டும் தெரியும். அட்டையில் விரல் வைத்து அந்த எழுத்துகளைத் தேடினாள். மறுபடியும் முதலிலிருந்து தேடினாள்.

"எம் பேரு இல்லையே."

சட்டத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். சட்டைப் பையில் மார்க்கர் செருகியிருந்த அமைப்பாளரிடம் அம்மா போனாள்.

"அந்த மார்க்கரைக் குடுங்க சார்."

கேட்ட வேகத்தில் கொடுத்துவிட்டார். புதிதாக வெள்ளையடித்த சுவர். அட்டைக்கு மேலே அம்மா எழுத ஆரம்பித்தாள். "சுவர் பாழாகுதுங்க!" என்று ஓடி வந்தவரைக் குறுக்கே நின்று மறித்தேன். அம்மா நிதானமாக எழுதுகிறவள். கடைசி எழுத்து முடியும்வரை அவரை ஓர் அடி நகர விடவில்லை.