மாட்டுக்காரனும் மீன்தலையனும்

என் மாமா முன்சாகாவுக்கு வழிகாட்டி உரிமம் எதுவும் கிடையாது. அக்டோபரில் ஆறு வற்றி, எல்லையில் விழும் அருவியின் எங்கள் நாட்டுப் பக்கத்து உச்சி வெறும் கருங்கல்லாகக் கிடக்கும்போது, அந்த விளிம்பை ஒட்டியே சுற்றுலாக்காரர்களைக் கைபிடித்து நடத்திப் போவார். எந்தக் கல் ஆடும், எது வழுக்கும் என்று அவர் குதிகாலுக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் அருவிக்குத் தான் பலி கொடுத்தது ஒரு ஜெர்மன்காரியின் செருப்பை மட்டும்தான் என்பார்.

அந்தக் கற்களுக்கு மேலே, ஆற்றோரம் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் இமாசிகு. நாங்கள் மாடு வளர்க்கும் டோங்கா, அவர் மீன் பிடிக்கும் லோசி. எங்கள் நாட்டில் இந்த இரண்டு இனத்துக்கும் கேலி உறவு. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம், திட்டியே ஆக வேண்டும். கோபப்பட்டவன் கோழி அபராதம் கொடுக்க வேண்டும்.

மாமா யாரையாவது கூட்டிக்கொண்டு கல்லில் இறங்கினாலே இமாசிகு தொடங்கிவிடுவார்.

"டேய் மாட்டுக்காரா! தண்ணி வருதுடா! ஓடிப்போய் உன் மாட்டு வாலைப் புடிச்சுக்கோ!"

"வரட்டும்டா மீன்தலையா! உன் வயித்துக்கு அது பத்துமா?"

சுற்றுலாக்காரர்கள் ஒன்றும் புரியாமல் மிரள்வார்கள். அதைப் பார்ப்பதற்காகவே இமாசிகு கத்துவார். எட்டு வருடமாக அவர் இப்படிக் கத்தியும் ஒருமுறைகூட வராத தண்ணீர் அது.

நான் லுசாகாவில் புவியியல் பட்டம் வாங்கி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை கிடைக்கவில்லை. "சும்மா வீட்ல இருக்கறதுக்கு எங்கூட வாடி சோல்வே, கல்லுக்கு என்ன வயசுன்னு அவங்களுக்குச் சொல்லு" என்று மாமா கூப்பிட்டார். போனேன்.

நவம்பர் கடைசி. புதிதாகக் கல்யாணமான ஒரு டச்சு ஜோடி. மேற்கே வானம் கறுத்திருந்தது, எங்கள் தலைக்கு மேல் வெயில். கணுக்கால் தண்ணீரில் பாதி தூரம் கடந்திருப்போம். என் காலை உரசிக்கொண்டு ஒரு புல்கற்றை மிதந்து போனது. வேரோடு, மண்ணோடு. மேலே வெள்ளம் கரையை அறுக்கும்போது புல் இப்படித்தான் வரும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். காலை உதறிவிட்டு நடந்தேன்.

"முன்சாகா! தண்ணி வருதுடா! திரும்பு!"

மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை. "என்னடா மீன்தலையா, இன்னைக்கு மாட்டு வாலை மறந்துட்டே?"

"விளையாடலடா! சத்தியமா வருது!"

"உன் சத்தியத்தைப் பூனைகூடத் திங்காது!"

நான் சிரித்தேன். வெறுமனே சிரிக்கவும் இல்லை. "இமாசிகு மாமா, தூண்டில்ல சத்தியம் மாட்டிச்சா?" என்று கத்தினேன். மாமா என் முதுகில் தட்டினார்.

இமாசிகு என்ன செய்திருந்தால் நாங்கள் நம்பியிருப்போம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அழுதிருந்தால்? நடிப்பில் அவருக்கு நிகரில்லை என்று இன்னும் சிரித்திருப்போம்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறிய பிறகுதான் மாமாவின் முகம் மாறியது. டச்சுக்காரியை முதுகில் ஏற்றிக்கொண்டார். நான் முன்னால் ஓடி ஒரு மேட்டுக்கல்லைப் பிடித்தேன். அவள் கணவன் அசையவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே கால் சிக்கி, இடுப்புத் தண்ணீரில் வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்குப் பின்னால் பத்தடியில் விளிம்பு.

இமாசிகு தூண்டிலைப் போட்டுவிட்டு, ஒரு கழியை ஊன்றிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். டச்சுக்காரனின் காலைக் குனிந்து விடுவித்து, பின்னாலிருந்து தள்ளினார். மாமா அவளை என் கல்லில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் அவன் சட்டையைப் பிடித்தார்.

"இழுடா மாட்டுக்காரா! உன் பசுமாடா இருந்தா இந்நேரம் இழுத்திருப்பே!"

மாமா இழுத்தார். டச்சுக்காரன் வந்துவிட்டான். இமாசிகுவின் கழி வழுக்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்தார், பிறகு படுத்தார், பிறகு அங்கே இல்லை. அருவியின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான்காம் நாள் கீழே சுழிக்குளத்தில் கிடைத்தார். அந்த ஜோடி முந்தின நாளே விமானம் ஏறியிருந்தது. வீட்டுக்குப் போய் இணையத்தில் மாமாவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். 'வாழ்நாளில் மறக்க முடியாத சாகசம். உதவிக்கு வந்த உள்ளூர்க்காரருக்கு எங்கள் அனுதாபம்.' மாமா அதை வாசித்துச் சொல்லச் சொன்னார். வாசித்தேன். உள்ளூர்க்காரருக்குப் பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார்கள். "நீதான் படிச்சவ, நீயே எழுது" என்றார் மாமா. சுத்தமான கையெழுத்தில் எழுதினேன். இறந்தவர் இரண்டு முறை எச்சரித்தார், முன்சாகா அதைக் கேலி என்று எண்ணி, பதிலுக்குக் கேலி செய்தார், திரும்பவில்லை. எழுதிய எல்லாமே உண்மை. நான் கத்தியதை மட்டும் எழுதவில்லை. விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேனா, தானாகவே விடுபட்டதா? இரண்டாவது என்றுதான் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா அடியில் பெருவிரலை வைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்குமூலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வழக்கு என்று எதுவும் வரவில்லை. மாமாவுக்குப் பயம் சாவு வீட்டை நினைத்துத்தான். லோசிக்காரன் செத்தால் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து கலாட்டா செய்ய வேண்டியது டோங்காக்காரன். செத்தவனைத் திட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்து, அவர்கள் ஒரு கோழி கொடுத்த பிறகுதான் வெளியே வர வேண்டும்.

"என்னைக் குழியில இறங்க விட்டாங்கன்னா போதும்" என்றார் வழியில். "அப்போ நான் இன்னும் உறவுன்னு அர்த்தம். அவன் அண்ணன் சாவுக்கு நான்தானே இறங்கினேன்."

இமாசிகுவின் மனைவி நமகாவு முற்றத்தில் இருந்தாள். மாமா வாசலிலேயே குரலை உயர்த்தினார்.

"அடியே மீன்தலை! உன் புருசன் எங்கேடி? எனக்குப் பயந்து ஒளிஞ்சிட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை. நமகாவு எழுந்து உள்ளே போனாள். ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து இடுப்புத் துணியின் நுனியால் துடைத்துப் போட்டாள். அவர் முன்னால் மண்டியிட்டு, மெதுவாகக் கைதட்டி வணங்கினாள். முன்பின் தெரியாத பெரிய மனிதர்களுக்கு லோசிகள் அப்படிச் செய்வார்கள்.

"வாங்க ஐயா. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருப்பீங்க. உக்காருங்க."

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நான்கு தெரு.

"நமகாவு, நான்தாண்டி... ரெண்டு திட்டாவது திட்டுடி."

"ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வாங்க" என்றாள் உள்ளே பார்த்து.

மாமா உட்கார்ந்தார். மக்காச்சோளக் களியும், விருந்தாளிக்கு வைக்கும் கோழி ஈரலும் வந்தன. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கைகட்டி நின்றார்கள். அவர் சாப்பிட்டார். கல்லறையில் குழிக்குள் குதித்தது யாரோ ஒரு டோங்கா பேருந்து ஓட்டுநர். "மீன் தின்னவனை மீனே தின்னுடுச்சா!" என்று அவன் கத்த, அழுதுகொண்டிருந்த நமகாவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா கூட்டத்துக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். அதையும் அங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு லோசிகள் அவரைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவர் அருவிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் மரம்பா சந்தையில் நமகாவு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். தயங்கிக்கொண்டே போய் நின்றேன். நாற்காலிக்குப் பயந்தேன்.

"யாரு, பட்டதாரியம்மாவா! பார்த்து எடுடி, அது மீனு. மாடு மாதிரி கொம்பு தேடாதே!"

எனக்கு மூச்சு வந்தது. "உன் மூஞ்சியைப் பார்த்தா மீனே செத்துடும், அதுக்குத் தூண்டில் எதுக்கு?" என்றேன். அவள் தொடையில் தட்டிச் சிரித்து, ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாள். அன்று நானும் கத்தியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "செவுளைப் பார்த்துட்டியா, போ போ, கடையை மறைக்காதே" என்றாள். வந்துவிட்டேன்.

வீட்டில் மாமா பையை வாங்கிப் பார்த்தார். யாரிடம் வாங்கியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உன்னை ஏதாவது திட்டினாளா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். "இல்ல மாமா. மரியாதையாத்தான் பேசினா."

"எல்லாருக்கும் அப்படித்தான் போல" என்றார். கொஞ்சம் தெளிந்த முகத்தோடு கத்தியை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தார்.