மலரில் தனியாளாகிப்போன மாமி

மாமி போய்விட்டார் என்ற செய்தி கணித வகுப்பில் இருந்தபோது வந்தது. அனுப்பியவர் றெஜினா அன்ரி. "கொப்பரிட்ட நீ சொல்லு பிள்ளை" என்று மட்டும் எழுதியிருந்தார். அவருடைய அழைப்பை அப்பா எடுப்பதில்லை. அப்பாவின் தங்கையான மாமிக்குப் பன்னிரண்டு வருடம் மனைவியாக இருந்தவர், அவருடைய சாவைக்கூட என்னைக் கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மாமியை அறிந்தவர்களுக்கு அவர்கள் இரண்டு பேரும் இருந்த அந்த வீடு தெரியும். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடி. எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கனிலிருந்து என்னைக் காரில் கொண்டுவந்து விடும் அப்பா ஒருநாளும் மேலே வந்ததில்லை. "லிஃப்ட் வேலை செய்யுதெண்டு கொப்பருக்குச் சொல்லு," என்பார் மாமி. எங்கள் சமயம் இப்படியான கலியாணத்துக்கு எதிரானது இல்லை என்று வேலைத்தலத்தில் பெருமையாகச் சொல்பவர் அப்பா. அதை நான் சொன்னபோது மாமி சிரித்தார். "சனமெல்லாம் மாறிட்டுதாம். ஆர் மேல வந்து தேத்தண்ணி குடிச்சவை எண்டு பார்."

குடித்தவர்கள் வேறு ஆட்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்ரி, தங்கள் மார்க்கத்தில் இது கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர். ஆனால் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தால் இரண்டு பேருக்கும் என்று சொல்லித்தான் தருவார். றெஜினா அன்ரியின் தாய் கத்தோலிக்கர். கலியாணத்தன்று வராமல் வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர், ஐந்தாம் வருடம் மீன்குழம்போடு வந்து நின்றார். "பாதர்மார் இன்னும் ஏற்கேல்லைத்தான். அதுக்காக நான் பிள்ளையைப் பாக்காமல் கிடக்கிறதே?" என்றாராம். மாமி அதை அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.

செத்தவீட்டு மண்டபத்தில், வாய்க்கரிசி போட உரித்துக்காரரை ஐயர் கூப்பிட்டார். புருசன், பிள்ளைகள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"அவ கலியாணம் கட்டேல்லை ஐயா," என்றார் அப்பா.

மூன்றாம் வரிசையிலிருந்து றெஜினா அன்ரியின் தாய் எழும்பினார். "கட்டினவ. என்ர மகளைத்தான் கட்டினவ."

ஐயர் ஒரு கணம்தான் யோசித்தார். "அப்ப வாங்கோ பிள்ளை," என்று றெஜினா அன்ரியைப் பார்த்துச் சொன்னார். அன்ரி பாதி வழி வருவதற்குள் அப்பா அரிசித் தட்டைப் பெரியப்பாவிடம் நீட்டினார். தட்டு எங்கள் ஆட்களுக்குள்ளேயே கைமாறியது. அன்ரி அங்கேயே நின்றார். பிறகு திரும்பிப் போய் இருந்தார். தட்டு என் கைக்கும் வந்தது. அவரிடம் கொடுத்திருக்கலாம். நான் அரிசியைப் போட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, அண்ணனின் பிள்ளையான மருமகள் என்ற முறையில் அரைப்பக்கம் எழுதச் சொன்னார்கள். "தனியே வாழ்ந்தாலும் எல்லோரையும் அரவணைத்தவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா அந்த வரியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். நானும் மாமியைப் போலத்தான் என்பது மாமிக்கு மட்டுமே தெரியும். றெஜினா அன்ரியின் பெயரை எழுதினால், எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள். கேட்டால் என் முகமே சொல்லிவிடும். எல்லோரும் நித்திரையான பிறகு, மலரில் வராத இதை எழுதுகிறேன், அப்படியும் ஒவ்வொரு வரிக்கும் கதவைப் பார்க்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு றெஜினா அன்ரி அழைக்காமலே வந்தார். மலரை என் கையிலிருந்துதான் வாங்கினார். என் பக்கத்தை நின்றபடியே வாசித்து முடித்தார். "நல்ல தமிழ், பிள்ளை," என்று சொல்லி என் தலையைத் தடவினார். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமியிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பதில். என்னைப் பற்றி அவரிடம் சொன்ன அன்று, "பயமாக் கிடக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்கும்தான். இப்பவும்," என்றார்.

அந்தப் பயத்தோடுதான் மாமி றெஜினா அன்ரியைக் கட்டினார். அதே பயத்தில் நான் மாமியைத் தனியாளாக எழுதிக் கொடுத்தேன்.